சைலன்சர் அனுமதி: படிவம் 4 கையொப்பத்தில் நின்றுவிடுகிறது

டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறேன். வேட்டைத் துப்பாக்கியின் சத்தத்தைக் குறைக்க .30 காலிபர் சைலன்சர் வாங்கிப் பணமும் கட்டியாகிவிட்டது. அரசு அனுமதி வராததால் பொருள் கடைக்காரரிடமே கிடக்கிறது.

2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கு 200 டாலர் வரி இல்லை, கூட்டம் அதிகம், சரி. ஆனால் மூன்று வாரமாக அரசுத் தளத்தில் படிவம் 4-ஐ (சைலன்சரை என் பெயருக்கு மாற்றக் கேட்கும் விண்ணப்பம்) சமர்ப்பிக்கவே முடியவில்லை. ரகசியப் பின் (PIN) எண் போட்டுக் கையொப்பமிடும்போது சுற்றிக்கொண்டே இருந்து வெளியே தள்ளிவிடுகிறது. திரும்ப நுழைந்தால் வரைவு என்றே காட்டுகிறது.

வேறு பிரவுசர், கடைக் கணினி, அதிகாலை 4 மணி, எல்லாம் பார்த்தாயிற்று. கைரேகைக் கோப்பையும் மறுபடி ஏற்றினேன். அப்புறம் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. நவம்பரில் மான் வேட்டை தொடங்கிவிடும்; கூட வரும் மகனின் காதை நினைத்துத்தான் இதை வாங்கினேன்.

இதே இடத்தில் சிக்கியவர்கள் பழைய வரைவை நீக்கிவிட்டு, கடைக்காரரைப் புதிதாகத் தொடங்கச் சொன்னீர்களா, அல்லது அதே வரைவே பிறகு போனதா?