டின்னில் இருப்பது சின்னமா, முகமா?

மீனா: பெரியப்பா, குளிர்பான உறைகளின் வடிவமைப்பில் விளையாட்டுப் போட்டிகளின் விளம்பர ஆதரவு எப்படி வெளிப்படுகிறது என்று கல்லூரியில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். கிரிக்கெட் உலகக் கோப்பையை எடுத்துக்கொள்கிறேன். கோப்பையின் படம் போட்ட டின்னும், வீரரின் படம் மட்டும் போட்ட டின்னும் ஒரே வகை விளம்பரம்தானே?

பெரியப்பா (சிவகாசி): இல்லையம்மா. கோப்பையின் படமும் போட்டியின் சின்னமும் போட்டியை நடத்தும் அமைப்புக்குச் சொந்தமானவை. அவற்றை அச்சிட அந்த அமைப்புக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும். வீரரின் முகத்தை அச்சிட வீரரோடு தனி ஒப்பந்தம் இருந்தால் போதும். எங்கள் அச்சகத்துக்கு லேபிள் வேலை வந்தால், சின்னத்தை எந்த நிறத்தில், எந்த அளவில், எவ்வளவு இடம் விட்டு அச்சிட வேண்டும் என்ற விதிகளும் கூடவே வரும். சின்னம் எதுவும் இல்லாமல் மட்டையும் பந்தும் முகங்களுமாக ஒரு டின் வந்தால், அந்த நிறுவனம் போட்டிக்குப் பணம் கட்டவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கார்த்திக்: 1996 உலகக் கோப்பையைக் கட்டாயம் எழுது, மீனா. கோகோ கோலா பணம் கட்டி அதிகாரப்பூர்வ பானமானது. பெப்சியோ, 'இதில் அதிகாரப்பூர்வமாக ஒன்றுமில்லை' என்ற பொருளில், டெண்டுல்கர் போன்ற ஆட்டக்காரர்களை வைத்து விளம்பரம் செய்தது. பணம் கட்டியவர்களைவிடக் கட்டாதவர்களின் விளம்பரத்தைத்தான் இன்றும் நினைவில் வைத்திருக்கிறோம்.

சித்தி (கொழும்பு): அந்த ஆண்டு லாகூரில் ஆஸ்திரேலியாவை 7 விக்கெட்டால் வென்று கோப்பையைக் கொண்டுவந்தவர்கள் நாங்கள் என்பதையும் கட்டுரையில் சேர்த்துவிடு, மீனா! ஆனால் அப்போது கடையில் வாங்கிக் குடித்த கண்ணாடிப் போத்தல்களில் உலகக் கோப்பைப் படம் எதையும் பார்த்த நினைவு எனக்கு இல்லையே, அது ஏன்?

பெரியப்பா (சிவகாசி): நல்ல கேள்வி. அன்றைய கண்ணாடி பாட்டில், குடித்து முடித்ததும் கிரேட்டில் ஏறித் தொழிற்சாலைக்கே திரும்பிப் போகும். சூடான காஸ்டிக் சோடா கரைசலில் கழுவி, அதையே மீண்டும் மீண்டும் நிரப்புவார்கள். கழுவும்போது அழியாமல் இருக்க, பெயரைப் பீங்கான் வண்ணத்தில் அச்சிட்டுச் சூளையில் சுட்டிருப்பார்கள். ஒரு மாதப் போட்டிக்காகச் சின்னத்தைச் சுட்டுப் பதித்தால், பாட்டில் உடையும் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடப்படுவது மூடி ஒன்றுதான் என்பதால், போட்டி விளம்பரம் முழுவதும் மூடிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அத்தை: அண்ணா, 1980களில் தம்ஸ் அப் மூடிகளைச் சேர்த்துக் கொடுத்தால், பக்கங்களை விரலால் வேகமாகப் புரட்டும்போது ஆட்டக்காரர் மட்டையைச் சுழற்றுவதுபோல் தெரியும் சின்னப் புத்தகம் தருவார்கள். பெட்டிக்கடை வாசலில் பிள்ளைகள் மூடி பொறுக்கிக்கொண்டு நிற்பார்கள். குடித்தவர்களைவிடப் பொறுக்கியவர்களே அதிகம்.

மீனா: அப்படியானால் பிளாஸ்டிக் பாட்டிலும் டின்னும் வந்த பிறகுதான் சின்னம் வெளியே வந்தது என்று எழுதலாமா?

பெரியப்பா (சிவகாசி): தாராளமாக எழுதலாம். இரண்டும் ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியப்படுபவை. ஆகவே வடிவமைப்பைப் போட்டிக்குப் போட்டி மாற்ற முடியும். ஆனால் மாற்றுவது எளிதென்று நினைத்துவிடாதே. பாட்டிலைச் சுற்றும் பிளாஸ்டிக் லேபிளைக் கிராவியூர் முறையில் அச்சிட்டால், ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளையைத் தனியாகச் செதுக்க வேண்டும். டின்னிலோ, கழுத்தைக் குறுக்கி மூடி பொருத்துவதற்கு முன்பே, வெறும் குழாயாக இருக்கும்போதே அச்சிட்டு முடித்துவிட வேண்டும். செலவு கட்டுப்படியாக வேண்டுமானால் பெரும் எண்ணிக்கையில் அச்சிட வேண்டியிருப்பதால், போட்டி தொடங்குவதற்கு வெகு முன்பே வடிவமைப்பு முடிவாகிவிடும். யார் வெல்வார்கள் என்று தெரியாத நிலையில், யார் வென்றாலும் பொருந்துகிற கோப்பை, கொடி, கூட்டம் ஆகியவற்றையே போடுகிறார்கள்.

கார்த்திக்: 2003இல் பானத்தையே நிறம் மாற்றினார்கள், பெரியப்பா. அந்த உலகக் கோப்பைக்குப் பெப்சிதான் அதிகாரப்பூர்வ ஆதரவாளர். இந்திய அணியின் நிறத்தைக் குறிக்கும் வகையில் பெப்சி ப்ளூ என்ற நீலப் பானத்தை இங்கே இறக்கினார்கள். குடித்தால் நாக்கே நீலமாகிவிடும். இறுதி ஆட்டத்தில் 125 ஓட்டங்களில் தோற்றதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதே போட்டியில், தென்னாப்பிரிக்க மைதானம் ஒன்றில் கோகோ கோலா டின்னைத் திறந்த பார்வையாளர் வெளியேற்றப்பட்டார் என்று செய்தி வந்தது. பணம் கட்டாதவர்கள் போட்டியின் புகழில் குளிர்காய்வதைத் தடுக்க அந்த நாடு சட்டத்தையே திருத்தியிருந்தது.

அத்தை: சொந்தக் காசு கொடுத்து வாங்கிய பானத்துக்காகவா வெளியே அனுப்பினார்கள்? இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பெரியப்பா (சிவகாசி): நியாயம் வேறு, உரிமை வேறு. ஒரு டின் கூட வேறு நிறத்தில் தொலைக்காட்சியில் தெரியக் கூடாது என்பதற்காகவும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள். எனக்கும் அது அளவுக்கு மீறியதாகவே தோன்றுகிறது.

மீனா: ஒலிம்பிக்கையும் சேர்க்கட்டுமா? கோகோ கோலா 1928 ஆம்ஸ்டர்டாம் போட்டியிலிருந்தே உடன் இருப்பதாகப் படித்தேன்.

பெரியப்பா (சிவகாசி): ஒரு பத்தி போதும். ஒலிம்பிக் மைதானத்துக்குள் கிரிக்கெட்டில் இருப்பதுபோல் விளம்பரப் பலகைகளைச் சுற்றி வைக்க அனுமதி இல்லை. பலகையில் வர முடியாத ஐந்து வளையங்களும் நிறுவனப் பெயரும் அருகருகே நிற்க வேண்டுமானால், டின்னும் பாட்டிலும் தொலைக்காட்சி விளம்பரமும்தான் இடம். உறை அங்கே இரட்டிப்பு வேலை செய்கிறது.

கார்த்திக்: 2021இல் புடாபெஸ்ட்டில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைச் செய்தியாளர் சந்திப்பில், மேசையில் வைத்திருந்த இரண்டு கோகோ கோலா பாட்டில்களை ரொனால்டோ நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாரே, அதையும் எழுது. கேமராவுக்கு நேராக நிற்கவென்றே வைக்கப்பட்ட பாட்டில்கள் அவை.

அத்தை: அவர் செய்தது சரிதான். ஓடி ஆடி உடம்பைப் பேணுகிறவர்களின் படத்தைப் போட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விற்கிறார்கள். இதையும் உன் கட்டுரையில் ஒரு வரியாவது கேள் மீனா.

மீனா: கேட்கிறேன் அத்தை. கார்த்திக் அண்ணா, கிரிக்கெட் உலகக் கோப்பையை நடத்தும் ஐசிசியோடு கோகோ கோலாவுக்கு 2031 வரை ஒப்பந்தம் இருப்பதால், அடுத்த உலகக் கோப்பைக்கும் சின்னம் அவர்கள் பக்கம்தான். எதிர்த்தரப்பு டின்னில் யார் முகம் வருகிறது என்று கடையில் கண்டால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

பெரியப்பா (சிவகாசி): முன்பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். சின்னம் யாருக்குச் சொந்தம் என்ற பொடி எழுத்து பின்பக்கம், பட்டைக்கோட்டுக்கு அருகில் இருக்கும். மீனாவுக்கு அதுதான் தேவை.