மறு: ‘உச்சூஜின்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். 1956-இல் ஜப்பானின் தாயேய் பட நிறுவனத்துக்காக ஷிமா கோஜி இயக்கிய ‘உச்சூஜின் தோக்கியோவில் தோன்றினர்’ படத்தைச் சனிக்கிழமை திரையிடுகிறோம். திரையில் ஓடும் தமிழ்த் துணைவரி (சப்டைட்டில்) எழுதுவது என் தலையில். உச்சூ அண்டம், ஜின் ஆள். ‘வேற்றுக்கிரகவாசிகள்’ என்றால் பதினொரு எழுத்து. வினைச்சொல்லுக்கு வரியில் இடமே இல்லை. நாளை இரவுக்குள் ஒரு சொல் கொடுங்கள்.
– செ.

வானோரைக் குறிக்கும் ‘அண்டர்’ இருக்க அலைவானேன்? திருப்பாணாழ்வாரின் அமலனாதிபிரானில் ‘அண்டர்கோன்’ வருகிறதே.
– பு.

ஐயா, அண்டர் என்றால் இடையர் என்றும் பொருள். அதே பாசுரத்தில் கோவலனும் வருகிறான்! இருக்கட்டும், படத்துக்காக ஓவியர் ஒகாமோத்தோ தாரோ வரைந்த உச்சூஜின் உருவம் நட்சத்திர மீன். நடு உடம்பில் ஒற்றைக் கண். அதைத் தேவர் என்றால் யார் நம்புவார்கள்? என் ஓட்டு ‘வேற்றுக்கோளர்’.
– நா.

வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “கோள்மூட்டியா சார்?” என்று கடைசி வரிசையில் சிரிப்பு.
– ம.

பொருத்தம்தானே! ‘ஆர்’ என்ற கோள் பூமியில் மோத வருகிறது என்று சொல்லத்தான் வருகிறார்கள். கோளைப் பற்றிக் கோள் சொன்னவர்கள். ஆனால் தனித்தமிழ் என்று மார்தட்ட வேண்டாம். கிரகம் ‘பற்றுவது’, கோள் ‘கொள்வது’. ஒன்றைப் பார்த்து மற்றொன்று. இன்னொன்று, சீனப் பழநூலில் ‘உ’ இடம், ‘சூ’ காலம். அண்டத்தில் காலம் எங்கே? ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு தமிழ்–ஜப்பானிய மொழி உறவு பற்றி எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால்...
– பு.

ஐயா, ஓனோவுக்குத் தனி இழை தொடங்குங்கள். போன தடவை நாற்பது மடல் போயிற்று.
– மட்டுறுத்துநர்

வேற்றுக்கோளர் மூன்று ஓட்டு, அண்டர் ஒன்று, ‘வாசியே போதும்’ இரண்டு. தலைப்பில் வேற்றுக்கோளர் போட்டுவிட்டேன். ஆனால் பாடகி உருவில் வந்தவள் டென்னிஸ் ஆடும்போது மனிதரால் முடியாத உயரத்துக்குத் துள்ளுகிறாளே, அதன்பின் வரும் பேச்சில் ‘வேற்றுக்கோளர்’ வாயில் நிற்கவில்லை. அங்கே வேற்றுக்கிரகவாசிதான். ஒருமையில் இரண்டு எழுத்து மிச்சம். நா. மன்னிக்கவும்.
– செ.

ஒரே படத்தில் இரண்டு சொல்லா? அதற்கு அண்டரே மேல்.
– நா.

அதைத்தானே முதலிலேயே சொன்னேன்.
– பு.