கிழித்த சீட்டுத் துண்டுகளை எங்கே ஒளிப்பது?

அரைக்கை_சட்டை:

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாகப் பிறந்தநாள் விழா, கல்யாண வரவேற்புகளில் மேஜிக் செய்கிறேன். இப்போது சாத்துக்குடிக்குள் சீட்டு வரும் ஐட்டத்தைச் சேர்த்திருக்கிறேன். பார்வையாளர் எடுக்கிற ஆட்டின் ஏழு என்ற சீட்டை நான்காகக் கிழித்து ஒரு துண்டை அவரிடமே கொடுக்கிறேன். மற்ற மூன்றும் மறைய வேண்டும். முதலிலிருந்தே ஒரு பாட்டியின் மடியில் இருக்கும் பழத்தை அறுத்தால், உள்ளே மூலை குறைந்த ஆட்டின் ஏழு. அவர் கையிலுள்ள துண்டு அதில் அப்படியே பொருந்தும்.

பழ வேலை எனக்குக் கைவந்துவிட்டது. காம்புப் பொட்டை நகத்தால் பெயர்த்து, பென்சிலால் துளை போட்டு, அடித்தோல் கிழியாமல் சீட்டைச் சுருட்டி நுழைத்து, பொட்டை ஒரு சொட்டுப் பசையால் ஒட்டுகிறேன். குட்டைப் பக்கம் நீளமாக வரும்படி சுருட்டினால் 63 மில்லிமீட்டர்தான், பெரிய பழத்துக்குள் அடங்கிவிடும். பார்வையாளரிடம் உண்மையில் போவது பழத்துக்குள் இருக்கும் அந்தச் சீட்டின் மூலை. ஆக, கிழித்த நான்கு துண்டும் என் கையில்தான் மிச்சம். அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன்.

தம் டிப்பில் (கட்டைவிரலில் மாட்டும் போலி விரல்நுனி) பட்டுத்துணி அடங்கும், சீட்டு அடங்காது. பை வைத்துத் தைத்த கைக்குட்டையில் போட்டேன், பிள்ளைகள் கைக்குட்டையைக் கேட்கிறார்கள். மண்டபத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லை. நம் ஊர் வெயிலில் கோட்டும் போட முடியாது. போன மாதம் ஒரு துண்டு விரலிடுக்கிலிருந்து தெறித்து விழுந்தது. முன்வரிசைச் சிறுமி அதை எடுத்து, "அங்கிள், இது கீழே விழுந்திருச்சு" என்று பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு முழுக்கத் தூக்கம் வரவில்லை. வழி சொல்லுங்கள்.

பழைய_கைப்பழக்கம்:

தம்பி, முதலில் கிழிக்கும் விதத்தை மாற்றுங்கள். சும்மா கிழித்தால் துண்டுகள் வளைந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். தெறித்தது அதனால்தான். கிழிப்பதற்கு முன் சீட்டை இரண்டாக மடித்து நகத்தால் அழுத்தி நீவுங்கள். பிரித்து, அதே மடிப்பில் எதிர்ப்பக்கமாகவும் மடித்து நீவிவிட்டு அப்புறம் கிழியுங்கள். அடுத்த கிழிசலுக்கும் அதே மாதிரி. நான்கு துண்டும் ஒரே அளவில், தட்டையாக, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கனத்தில் படியும். நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் அடியில் வைத்தால் அசையாது. காகிதச் சீட்டையே வாங்குங்கள், முழு பிளாஸ்டிக் சீட்டு கிழியாது.

எங்கே போடுவது என்கிறீர்களே, பதில் உங்கள் மேசையிலேயே இருக்கிறது: கத்தி. பழம் கண்ணெதிரே இருக்கும்போது கத்திக்குக் கை போவதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். தட்டுக்குப் பின்னால் கத்தியை வையுங்கள். துண்டுகளை இடது கைக்கு மாற்றுவதுபோல் மாற்றி, வலது கையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வலது கை கத்தியை எடுக்கப் போகும்போது துண்டுகள் அங்கே தங்கிவிடும். கத்திப்பிடியால் இடது முஷ்டியைத் தொட்டுவிட்டுத் திறந்து காட்டுங்கள்.

ஆனால் மாற்றிய உடனே கத்திக்குப் பாயாதீர்கள். "உங்கள் துண்டு பத்திரமா இருக்கா?" என்று கேளுங்கள். அவர் தன் கையைப் பார்ப்பார், சபையும் அவரைப் பார்க்கும். அதுதான் உங்கள் நேரம். இத்தாலியில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த மேஜிக் கலைஞர் ஸ்லைடினி, எதிரே உட்கார்ந்தவர் தலைக்கு மேலேயே காகிதப் பந்துகளை எறிவார். சபை முழுக்கப் பார்க்கும், அந்த ஒருவருக்கு மட்டும் தெரியாது. அவர் கண் ஸ்லைடினியின் கையை விட்டு நகராது. உங்கள் கண்ணும் இடது முஷ்டியை விட்டு நகரக் கூடாது. முஷ்டியை இறுக்காதீர்கள், உள்ளே துண்டுகள் இருந்தால் எவ்வளவு இடம் இருக்குமோ அவ்வளவு விடுங்கள்.

கவர்_பிரியன்:

நான் பின்பக்கம் கீறிய கவரில் போடுவேன். துண்டுகள் கீறல் வழியே கைக்கு வந்துவிடும், அப்புறம் கவரைக் கிழித்துக் காட்டலாம். ரொம்ப சுலபம்.

பழைய_கைப்பழக்கம்:

கவர் நல்ல வழிதான். ஆனால் துண்டுகள் திரும்ப உங்கள் கைக்கே வருகின்றன, அங்கிருந்து போக இன்னொரு வழி வேண்டும். வெறும் கையில் மறைவது தரும் ஆச்சரியம் கவரில் வராது என்பது என் அனுபவம்.

அரைக்கை_சட்டை:

அண்ணா, பத்து நாள் போனில் படம் பிடித்துப் பார்த்துப் பழகினேன். நேற்று ஒரு பிறந்தநாள் விழாவில் செய்தேன். துண்டுகள் தப்பிப் போய்விட்டன! ஒத்திகையில் மட்டும் ஒரு சிக்கல்: எவர்சில்வர் தட்டில் பட்டு 'டிக்' என்றது. தட்டுக்குப் பின்னால் கைத்துண்டை மடித்துப் போட்டேன், சத்தம் போய்விட்டது. இடது கையைத் திறந்ததும் ஒரு பையன் "அந்தக் கை?" என்றான். வலது கையில் கத்தி இருந்ததால் அதை அவன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, விரல்களை விரித்துக் காட்டினேன். வாயைத் திறந்தபடி நின்றான்.

ஒரே குறை, பழத்தை அறுத்தபோது உள்ளே இருந்த சீட்டும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது.

பழைய_கைப்பழக்கம்:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. பழத்தை முழுவதும் ஊடுருவ அறுக்காதீர்கள். காம்பு மேலே இருக்க, பழத்தின் இடுப்பைச் சுற்றித் தோலும் கொஞ்சம் சுளையும் மட்டும் வெட்டுப்படும்படி கீறுங்கள். பிறகு இரண்டு பாதியையும் பிடித்துத் திருகிப் பிரியுங்கள். சீட்டு ஒரு பாதியில் செங்குத்தாக நிற்கும். அதை நீங்கள் எடுக்காதீர்கள், பாட்டியையே உருவச் சொல்லுங்கள்.