எம்ஷர் ஆறு: கான்கிரீட்டை உடைக்கும் முன் 51 கிலோமீட்டர் குழாய் எதற்கு?

கேள்வி: வாய்க்கால்கரை

ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் ஓடும் எம்ஷர் நூறு வருடத்துக்கும் மேல் கான்கிரீட் பதித்த திறந்த சாக்கடையாகக் கிடந்தது. 1992-இல் சீரமைப்பு தொடங்கி, 2021 கடைசியில்தான் ஆற்றுக்குள் கழிவுநீர் விழுவது முழுக்க நின்றது. செலவு சுமார் 550 கோடி யூரோ. படிக்கப் படிக்கச் சந்தேகம் கூடுகிறது. முதலிலேயே ஏன் பாதாளச் சாக்கடை போடவில்லை? கான்கிரீட்டை உடைத்துக் கரையில் மரம் வைத்திருந்தால் பத்து வருடத்தில் முடிந்திருக்காதா? சுரங்கமும் உருக்காலையும் நின்ற நிலம் என்ன ஆனது, வேலை திரும்ப வந்ததா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில் 1: குழாய்வாட்டம்

முதல் கேள்விக்கு ஒரே பதில்: தரை உள்வாங்கியது. அடியில் நிலக்கரியை எடுக்க எடுக்க மேலே நிலம் இறங்கிக்கொண்டே இருந்தது, அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில். புதைத்த குழாயின் மூட்டு விலகும், வாட்டம் தலைகீழாகும், கழிவுநீர் பின்னோக்கி நிற்கும். நீர் தேங்கிய ஊர்களில் தொற்றுநோய் பரவியது. 1901-இல் கெல்சன்கிர்ஷனில் டைபாய்டு பெரிய அளவில் வெடித்தது. அதற்குச் சற்று முன், 1899-இல், நகராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து எம்ஷர்கெநோசன்ஷாஃப்ட் என்ற நீர்க் கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தன. ஆற்றை நேராக்கி, ஆழப்படுத்தி, அடியில் கான்கிரீட் பலகை பதித்து, கழிவைத் திறந்தவெளியிலேயே ஓடவிட்டார்கள். தரை இறங்கினால் பலகையைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கலாம், கரையை உயர்த்தலாம். அன்றைக்கு அது சரியான முடிவு. சுரங்கத் தொழில் வடக்கே நகர்ந்து தரை அசைவு அடங்கிய பிறகே குழாய் பற்றிப் பேச முடிந்தது.

இனி வரிசை. முதலில் சுத்திகரிப்பு நிலையங்கள். முன்பு ஆறு முழுவதையும் கடைசியில் ஒரே இடத்தில் சுத்தம் செய்தார்கள். இப்போது டோர்ட்முண்ட், பொட்ரோப், டூயிஸ்பர்க், டின்ஸ்லாக்கன் என்று நான்கு இடம். அடுத்து கிளை ஓடைகளை ஒட்டிய குழாய்கள். மொத்தம் 400 கிலோமீட்டருக்கும் மேல். பிறகு டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டர் முதுகெலும்புக் குழாய், உள்விட்டம் 1.6 மீட்டரிலிருந்து 2.8 மீட்டர் வரை. இந்தத் தலைக்குழாய் ஓடும்வரை மேலே எந்த மண்வெட்டி வேலைக்கும் அர்த்தமில்லை. ஒரே ஒரு இணைப்பு விட்டுப்போனாலும் அதற்குக் கீழே உள்ள ஆறு முழுக்கச் சாக்கடைதான். உங்கள் பத்து வருடக் கணக்கு இடறும் இடம் இதுதான்.

வாட்டம் ஆயிரத்துக்கு 1.5, அதாவது கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர். 51 கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், கடைசியில் 75 மீட்டருக்கும் மேல் ஆழம் வந்துவிடும். அதனால் கெல்சன்கிர்ஷன், பொட்ரோப், ஓபர்ஹவுசன் மூன்று இடத்திலும் பம்ப் நிலையம் வைத்து நீரைத் தூக்கிவிடுகிறார்கள். இப்படி ஆழம் 40 மீட்டருக்குள் அடங்குகிறது. வாட்டத்தைக் குறைத்து ஆழத்தை மிச்சம் பிடித்திருக்கலாமே என்று கேட்பார்கள். கூடாது. மணிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால்தான் மண்ணும் மலமும் அடியில் படியாது. படிந்தால் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு எழும்பும். குழாயின் மேல்வளைவில் ஒட்டியிருக்கும் ஈரத்தில் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். கான்கிரீட் மேலிருந்து அரிபடும். இந்தக் குழாயை நிறுத்தி, காலி செய்து, ஆளை இறக்கிப் பார்க்கவும் முடியாது. ஓடும்போதே பார்வையிட ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் தனியாக ரோபோ வடிவமைத்தது.

பதில் 2: கல்லடிமீன்

குழாய் முடிந்ததும் மேலே சிக்கல் வேறு விதம். சாக்கடை போய்விட்டால் பல கிளை ஓடைகளில் நீரே இருக்காது. ஊர் முழுக்க தாரும் கூரையும், மழைநீர் எல்லாம் கழிவுக்குழாய்க்குள். ஊற்றுக்கு எங்கிருந்து நீர் வரும்? அதனால் 2005-இல் ஆற்றுப்படுகை நகரங்கள் ஓர் ஒப்பந்தம் போட்டன: 15 வருடத்தில் தார், கூரை என்று மூடிக்கிடக்கும் பரப்பில் 15 சதவீதத்தின் மழைநீரைச் சாக்கடையிலிருந்து பிரித்து மண்ணுக்கோ ஓடைக்கோ விடுவது. ஆற்றுச் சீரமைப்பில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பள்ளிக்கூடக் கூரையிலிருந்து இறங்கும் குழாயை வெட்டிப் புல்தரைப் பள்ளத்துக்குத் திருப்புவது கண்ணுக்குத் தெரியாத வேலை, ஆனால் ஓடை உயிரோடிருப்பது அதனால்.

கான்கிரீட்டை எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை: பலகைக்கு அடியில் இருக்கும் மண்ணைச் சோதிக்காமல் கரையில் கொட்டக்கூடாது, பல பத்தாண்டுச் சாக்கடை அதில் ஊறியிருக்கும். இடம் இருக்கும் பக்கத்தில் கரையைத் தளர்த்தி, சரிவைப் படுக்கவைத்து, ஓடையை வளையவிட வேண்டும். வீடு நெருங்கிய இடத்தில் வெள்ளக்கரையைத் தொட முடியாது. அதற்குள்ளேதான் நெளிய வேண்டும். நிலம் இறங்கிப்போனதால் பல ஓடைகள் ஆற்றைவிடத் தாழ்வில் இருக்கின்றன; பம்ப் வைத்துத்தான் சேர்க்க முடியும், பம்ப் வழியாக மீன் ஏறாது. கிளறிய கரையைக் கவனிக்காமல் விட்டால் ஜப்பானிய நாட்வீட் என்ற களை மொத்தமாக மூடிவிடும்.

நல்ல செய்தியும் உண்டு. குரோப்பே என்று ஒரு சின்ன மீன், கல்லுக்கடியில் வாழ்வது. எம்ஷர் படுகைக்கே உரிய அதன் இனம், பொட்ரோப் பக்கம் போயே ஓடையின் மேல்பகுதியில் சாக்கடை தொடாத துண்டில் தப்பியிருந்தது. அங்கிருந்து பிடித்து மற்ற ஓடைகளில் விட்டார்கள். இந்த மீன் தாண்டிக் குதிக்காது, ஓரடிப் படி இருந்தாலே நின்றுவிடும். ஆகவே ஓடைக்கு நடுவே உள்ள ஒவ்வொரு படியையும் சரிவாக்க வேண்டியிருந்தது. ரைன் ஆற்றில் கலக்கும் இடத்திலும் இதே கதை: பழைய முகத்துவாரத்தில் மீன் ஏற முடியாத செங்குத்து இறக்கம். 2022-இல் திறந்த புதிய முகத்துவாரம் அகலமான சமவெளி.

பெருமழையில் மட்டும் மழைநீர் கலந்த கழிவுநீர் இன்னும் ஆற்றுக்கு வழியும். முதல் அழுக்குவெள்ளத்தைத் தேக்கும் தொட்டிகள் இருக்கின்றன. அவை நிரம்பினால் வேறு வழியில்லை. அடைமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் ஆற்றில் இறங்காமலிருப்பது நல்லது.

வாய்க்கால்கரை

அருமை, நன்றி இருவருக்கும். ஆலை நிலம் பற்றி யாராவது?

பதில் 3: நிலஏடு

நிலத்தில் முதல் முட்டுக்கட்டை நஞ்சு இல்லை, உரிமை. சுரங்க, உருக்கு நிறுவனங்கள் மூடிய பிறகும் நிலத்தை விற்கவில்லை. மாசுக்குப் பொறுப்பேற்க நேருமே என்ற பயம். 1980 வாக்கில் மாநில அரசு நிலநிதி ஒன்றை அமைத்து வாங்கிச் சுத்தம் செய்து விற்கத் தொடங்கியபின்தான் வழி திறந்தது. அதன்மேல் 1989 முதல் 1999 வரை கார்ல் கான்சர் தலைமையில் எம்ஷர் பூங்காக் கட்டடக் கண்காட்சி (பெயர்தான் கண்காட்சி, உண்மையில் பத்து வருடச் சீரமைப்புத் திட்டம்): 17 நகரங்கள், சுமார் 120 திட்டங்கள். தனக்கென்று பெரிய நிதி வைக்காமல், இருக்கிற அரசுத் திட்டப் பணத்தைத் தரமான திட்டங்களுக்குத் திருப்பிவிட்டு, பத்தாவது வருடம் கலைந்துவிட்டது.

நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் அடுப்பு இருந்த இடத்தில் தார், பென்சீன், சயனைடு. எல்லாவற்றையும் தோண்டி லாரியில் அனுப்பினால் பணமும் போதாது, கொட்ட இடமும் கிடையாது. டூயிஸ்பர்க்-நோர்டில் 1985-இல் மூடிய இரும்பாலையின் ஊது உலைகளை, அதைப் பூங்காவாக்கிய நிலவடிவமைப்பாளர் பேட்டர் லாட்ஸ் இடிக்கவில்லை. மோசமான மண்ணைப் பழைய கனிமத் தொட்டிக்குள் போட்டு மூடினார். சாக்கடையை 3.5 மீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் இறக்கி, அதன்மேல் களிமண் விரித்து, கூரை மழைநீருக்கான வாய்க்கால் ஆக்கினார். எரிவாயுத் தொட்டியில் நீர் நிரப்பி ஸ்கூபா பழகுகிறார்கள். டோர்ட்முண்டில் 2001-இல் மூடிய ஃபீனிக்ஸ் உருக்காலையைச் சீன நிறுவனம் கழற்றிக்கொண்டு போனது; அங்கே 24 ஹெக்டேரில் ஏரி, 2010-இல் நீர் விடத் தொடங்கினார்கள். வெள்ளத்தைத் தாங்கும் தேக்கமாகவும் அது பயன்படுகிறது. ஏரிக்கரையில் வந்ததோ விலை கூடிய வீடுகள். பக்கத்து ஹோர்டே பகுதியின் பழைய தொழிலாளிக் குடும்பங்களுக்கு அந்தக் கரை எட்டாது. இதைச் சொல்லாமல் அந்தத் திட்டத்தைப் பாராட்டுவது நியாயமில்லை.

வேலை: ஓரளவுதான் வந்தது. 1957-இல் ரூர் சுரங்கங்களில் 4 லட்சத்துக்கும் மேல் ஆட்கள். 2018 டிசம்பரில் பொட்ரோப்பின் கடைசிச் சுரங்கமும் மூடியது. போக்குவரத்துக் கிடங்கு, மருத்துவமனை, பல்கலைக்கழகம், சுற்றுலா எல்லாம் கொஞ்சம் ஈடுகட்டின. ஆனால் கெல்சன்கிர்ஷன் இன்றும் ஜெர்மனியில் வேலையின்மை மிக அதிகமான நகரங்களில் ஒன்று. ஆறு தெளிந்ததால் ஆலை வேலை திரும்பாது. ஆற்றோரம் குடியிருக்க ஆள் தங்குவார்கள், அவ்வளவு.

பதில் 4: குழாய்வாட்டம்

நிலஏடு சொன்னதோடு ஒரு செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படுகையில் சுமார் 40 சதவீத நிலம் இறங்கிய பள்ளம். பம்ப் நின்றால் குடியிருப்புகள் ஏரியாகும். மூடிய சுரங்கங்களில் ஊறும் நீரையும் குடிநீர் அடுக்கைத் தொடாத மட்டத்தில் பிடித்துவைக்க வேண்டும். சுரங்கநீர்ச் செலவுக்காக 2007-இல் ஆர்ஏஜி என்ற நிலக்கரி நிறுவனத்தின் பெயரில் அறக்கட்டளையை நிறுவி முதலீட்டை ஒதுக்கிவைத்தார்கள். மற்றபடி கழிவுநீர்ச் செலவு நீர்க் கூட்டமைப்பின் உறுப்பினர் கட்டணமாக நகராட்சிக்கும், அங்கிருந்து வீட்டுக் கழிவுநீர் ரசீதுக்கும் போகிறது. திட்டச் செலவு என்று 550 கோடியை மட்டும் எழுதாமல், பம்புகளின் ஆண்டு மின்கட்டணத்தையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.