பிஎஸ்பி 3000-க்கு எந்த கஸ்டம் ஃபர்ம்வேர் நல்லது? ப்ரோ, எல்எம்இ, ஆர்க்-4 யூஸ் பண்ணவங்க சொல்லுங்க

மார்த்தாண்டம்_பையன்:

அண்ணேன்மாரே ஒரு சம்சயம். எனக்க சித்தப்பா துபாய்ல வேலை பாத்தப்ப வாங்குன பிஎஸ்பி 3000 (சோனியோட கைல வச்சு ஆடுற கேம் மெஷின்) ஒண்ணு அலமாரில சும்மா கெடந்துது, போன வாரம் எனக்குத் தந்துட்டாரு. ஆன் ஆகுது, ஸ்க்ரீன் நல்லா இருக்கு, அனலாக் மட்டும் லேசா இடது பக்கம் இழுக்குது. சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல வெர்ஷன் 6.60-னு காட்டுது. கூட மூணு யுஎம்டி டிஸ்க்கும் (பிஎஸ்பி கேம் வர்ற சின்ன டிஸ்க்) தந்தாரு, அதுல ஒண்ணு போட்டா கரகரன்னு சத்தம் வருது, பாதி நேரம் படிக்க மாட்டேங்குது.

நாகர்கோவில்ல ஒரு கடைல கொண்டு காட்டுனேன், "உள்ள சிப் வைக்கணும், ரெண்டாயிரம் ஆகும், எல்லா கேமும் நாங்களே ஏத்தித் தருவோம்"னு சொன்னாங்க. நெட்ல பாத்தா சிப்புன்னு யாருமே சொல்லல, எல்லாரும் கஸ்டம் ஃபர்ம்வேர்னுதான் (சோனியோட சிஸ்டம் சாஃப்ட்வேர வெளி ஆளுக மாத்தி எழுதுனது) சொல்லுறாங்க. ஆனா ஒருத்தர் 6.60 ப்ரோ-சி போடச் சொல்லுறாரு, இன்னொருத்தர் எல்எம்இ, புதுசா வர்ற வீடியோல எல்லாம் ஆர்க்-4, இதுக்கு நடுவுல இன்ஃபினிட்டின்னு வேற ஒண்ணு. நாலுக்கும் என்ன வித்தியாசம்னு மண்டைல ஏறல. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: கைல இருக்க டிஸ்க் கெட்டுப் போறதுக்கு முன்னாடி கார்டுல ஏத்தணும், கொஞ்சம் ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸ்) கேம் ஓடணும், சித்தப்பா தந்த சாதனம் செத்துப் போகப்பிடாது. எது போடட்டும்?

வடசேரி_சால்டரிங்:

தம்பி முதல்ல அந்த ரெண்டாயிரத்தக் குடுக்காத. 3000-க்கு சிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கழட்டவே தேவையில்ல. 2011 தொடக்கத்துல பிஎஸ்பியோட சைனிங் கீ வெளிய வந்துட்டு, அதுக்குப் பொறவு யார் வேணும்னாலும் சோனி கையெழுத்து போட்ட மாதிரி ஒரு புரோகிராம் எழுதி கேம் மெனுல இருந்தே ஓட்டலாம். அந்த புரோகிராம் உள்ள போய் கர்னல்ல (சிஸ்டத்தோட மையப் பகுதி) ஒரு ஓட்டையப் புடிச்சு கஸ்டம் ஃபர்ம்வேர எழுப்பும். நீ சொன்ன எல்லாமே இந்த வழியாத்தான் உள்ள நுழையுது. கார்டு, கேபிள், ஒரு கம்ப்யூட்டர், இது போதும்.

இப்ப விஷயத்துக்கு வாறேன். பேர் நாலு இருந்தாலும் நீ பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அது உனக்க பிஎஸ்பியோட உள் ஃபிளாஷ்ல (சிஸ்டம் சாஃப்ட்வேர் இருக்க மெமரி) எவ்வளவு எழுதுது? பழைய 1000 மாடல்லயும் ஆரம்ப கால 2000-லயும் ஏதாவது ஆயிட்டா பண்டோரா பேட்டரி (ரிப்பேருக்கான சர்வீஸ் மோடுல எழுப்புற மாதிரி மாத்துன பேட்டரி) வச்சு மீட்டுரலாம், அதனால அந்தக் காலத்துல ஆளுக பயமில்லாம எதை வேணும்னாலும் ஃபிளாஷ் பண்ணுனாங்க. 3000-ல பண்டோரா வேலை செய்யாது. இப்ப பேரியான் ஸ்வீப்பர்னு ஒரு வழி வந்திருக்கு, கம்ப்யூட்டர்ல இருந்து சீரியல் அடாப்டர் வழியா பேட்டரி மாதிரியே பேசி சர்வீஸ் மோடுக்குள்ள கொண்டு போகும். நல்ல வழிதான், ஆனா வயர் இழுத்து கனெக்‌ஷன் குடுத்து பழக்கம் இல்லாதவங்களுக்கு அது பெரிய மெனக்கெடு. அதனால 3000 வச்சிருக்கவன் ஃபிளாஷ்ல கை வைக்காம எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகணும்.

ப்ரோவும் எல்எம்இயும் இன்ஸ்டால் பண்ணும்போது தங்களோட ஃபைல்கள ஃபிளாஷ்லதான் வைக்கும். ஆர்க்-4ஐ லைவா ஓட்டுனா மெமரி ஸ்டிக்ல இருந்தே எழும்பும், ஃபிளாஷ்ல அது கை வைக்காது. புடிக்கலன்னா கார்டுல இருந்து ஃபோல்டர அழிச்சா போதும், பிஎஸ்பி பழையபடி சுத்தமா நிக்கும். நான் உனக்கு ஆர்க்-4தான் சொல்லுவேன், முக்கியக் காரணம் இதுதான். ரெண்டாவது, இப்பவும் ஆளுக அதுல வேலை பாத்துட்டு இருக்காங்க, கோட் எல்லாருக்கும் திறந்து கெடக்கு.

இன்ஃபினிட்டின்னு சொன்னியே, அது தனி கஸ்டம் ஃபர்ம்வேர் இல்ல. 3000-ல சாதாரணமா எத போட்டாலும் முழுசா ஆஃப் பண்ணுனா போயிரும், திரும்ப ஒரு தடவை ஐகான அமுக்கி எழுப்பணும். அந்தத் தொல்லை இல்லாம ஆன் பண்ணதுமே வர்றதுக்குத்தான் இன்ஃபினிட்டி. 6.31-ஐயும் 6.61-ஐயும் கலந்து ஒரு ஃபர்ம்வேர் ஆக்கி ஃபிளாஷ்ல எழுதும். நல்லாத்தான் வேலை செய்யும், ஆனா எழுதுற நேரத்துல பேட்டரி செத்தா கதை முடிஞ்சுது. நீ பவர் சுவிட்ச லேசா தள்ளி ஸ்லீப்ல போட்டுட்டே இருந்தா ஃபர்ம்வேர் போகாது, அதுக்காக எதுக்கு இந்த ரிஸ்க்?

தக்கலை_ப்ரோ:

மேல அண்ணன் சொன்னதுல ஃபிளாஷ் விஷயம் சரி, ஆனா ப்ரோவ அப்பிடி ஓரம் கட்டாதீங்க. நான் காலேஜ் படிச்ச காலத்துல இருந்து ப்ரோ-சிதான், இன்னிக்கும் அதேதான் ஓடுது. கஷ்டப்பட்டு எழுதுன ப்ளக்இன் (கூடுதல் வசதி தர்ற சின்ன புரோகிராம்) எல்லாம் அந்தக் காலத்துல ப்ரோவயும் எம்இங்கிற இன்னொரு கஸ்டம் ஃபர்ம்வேரையும் வச்சு டெஸ்ட் பண்ணி வந்தது, சீட் ப்ளக்இன், ஸ்க்ரீன்ஷாட், எம்பி3 பாட்டுன்னு எத போட்டாலும் ஒழுங்கா நிக்கும். ப்ரோ-ல game.txt, vsh.txt, pops.txt-னு மூணு ஃபைல் தனித்தனியா இருக்கும், எந்த ப்ளக்இன் எங்க ஓடணும்னு பாத்ததும் தெரியும். ஆர்க்-ல எல்லாத்தையும் plugins.txt-னு ஒரே ஃபைல்ல வரிக்கு வரி எழுதணும், பழைய வழிகாட்டி பாத்து செஞ்சா ஒண்ணும் வேலை செய்யாது, பலர் அதுலதான் மாட்டிட்டு ஆர்க் சரியில்லன்னு திட்டுறாங்க.

பொறவு ஆட்ஹாக். பக்கத்து பக்கத்துல உக்காந்து ஆடுறதுக்குன்னு சோனி வச்சத ப்ரோ டீம் இன்டர்நெட் வழியா ஆடுற மாதிரி ஆக்குனாங்க. எனக்க கூட்டுக்காரன் கத்தார்ல, நான் இங்க, அப்பிடி ஆடிருக்கோம். அந்த டீம்ல இருந்த ஆளுகதான் ஆர்க்கையும் தொடங்குனாங்க, அதனால ஆர்க் வேற குடும்பம் ஒண்ணும் இல்ல, ப்ரோவோட தொடர்ச்சின்னே வச்சுக்கலாம்.

எல்எம்இ பத்தி ஒண்ணும் சொல்லல நீங்க. அது எம்இயோட லைட் எடிஷன், 3000 மாதிரி மாடலுக்காக வந்தது. ரொம்ப சின்னது, மெனு பளிச்சுன்னு வரும். எனக்கு அதுல குறை ஒண்ணும் தெரியல, ஆனா ப்ரோ இருக்கும்போது அதுக்கு மாற ஒரு காரணமும் கெடைக்கல.

வடசேரி_சால்டரிங்:

@தக்கலை_ப்ரோ ஏற்கெனவே ப்ரோ போட்டு ஓடிட்டு இருக்கவன் மாற வேண்டாம், அது எனக்கும் சம்மதம். தம்பி புதுசா தொடங்குறான், அதுதான் வித்தியாசம். அவனுக்கு டிஸ்க் ஏத்தணும், ஜிபிஏ ஆடணும், அவ்வளவுதான். ப்ளக்இன் பத்து போட்டு கட்டி மேய்க்கப் போறதில்ல.

இன்னொண்ணு, ஆர்க்-ல இருக்க இன்ஃபெர்னோ கேஷும் (கார்டுல இருந்து படிச்சத ரேம்ல சேத்து வைக்கிறது) மெமரி ஸ்டிக் ஸ்பீடப்பும் நெஜமாவே உபயோகம். 3000-ல ரேம் 64 எம்பி, 1000-ல பாதிதான், அந்தக் கூடுதல் ரேம ஆர்க் கேஷுக்கு எடுத்துக்கும். மைக்ரோ எஸ்டி அடாப்டர்ல இருந்து ஆடும்போது நடுவுல வர்ற இழுவை நல்லா குறையும். கம்ப்ரஸ் பண்ண ஃபைல்னா பழைய சிஎஸ்ஓ மட்டும் இல்ல, இசட்எஸ்ஓவும் எடுக்கும், அது விரிக்க லேசு, லோடிங் வேகமா இருக்கும்.

குளச்சல்_கடல்காத்து:

ஃபர்ம்வேர் சண்டை இருக்கட்டும், பேட்டரிய யாருமே கேக்கலயே! தம்பி அலமாரில கெடந்த பிஎஸ்பின்னு சொன்னியே, முதல்ல பின் மூடியத் திறந்து பேட்டரிய மேசைல வச்சுப் பாரு. நடுவுல வயிறு மாதிரி தள்ளி நிக்குதுன்னா அத போட்டு சார்ஜ் பண்ணப்பிடாது, தூக்கிப் போடாத, இ-வேஸ்ட் எடுக்க ஆளுககிட்ட குடு. 3000-க்கு ஒரிஜினல் பேட்டரி 1200 எம்ஏஎச். ஆன்லைன்ல 3600-னு ஸ்டிக்கர் ஒட்டி அதே சைஸ்ல வர்றது முழுப் பொய், அந்த இடத்துல அவ்வளவு அடங்காது. அப்டேட்டும் ஃபிளாஷும் பண்ற நாள் ஃபுல் சார்ஜ், சார்ஜரும் குத்தி இருக்கணும். நம்ம ஊர்ல மழை ஏறுனா கரன்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது, அதனால சார்ஜர மட்டும் நம்பி செய்யாத.

கார்டு விஷயம்: மெமரி ஸ்டிக் ப்ரோ டுவோ இப்ப நல்லது கெடைக்கிறது கஷ்டம், மைக்ரோ எஸ்டி அடாப்டர் வாங்கு, திருவனந்தபுரம் சாலை மார்க்கெட் பக்கம் போனா தேடிப் பாக்கலாம் இல்லன்னா ஆன்லைன். ஒரு கார்டு போடுற அடாப்டர் போதும். ரெண்டு கார்டு போடுற அடாப்டர் டேட்டாவ ரெண்டுலயும் மாத்தி மாத்தி எழுதும், ஒரு கார்டு செத்தா மொத்தமும் போச்சு. 32 ஜிபி கார்டு, ஃபேட்32, ஃபார்மேட் பிஎஸ்பிக்குள்ளயே பண்ணு, அப்பத்தான் ஃபோல்டர் எல்லாம் தானா வரும்.

கேபிள் மினி யுஎஸ்பி, மைக்ரோ இல்ல. பழைய கேமரா, பழைய ஹார்ட் டிஸ்க் கேபிள் வீட்ல இருந்தா பாரு. வைஃபைல டவுன்லோட் பண்ணலாம்னு நெனைக்காத, பிஎஸ்பிக்கு டபிள்யூபிஏ2 தெரியாது, இப்ப உள்ள மோடமும் ஃபோன் ஹாட்ஸ்பாட்டும் பெரும்பாலும் கனெக்ட் ஆகாது.

அனலாக் இழுக்குறது அனேகமா அடியில இருக்க கடத்துற ரப்பர் தேஞ்சதோ அழுக்கோதான். நான் கடப்புறத்துல இருக்கவன், இங்க உப்புக்காத்துல எந்த கான்டாக்ட்டும் ரெண்டு மழைக்காலம் தாங்காது, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல மெதுவா துடைச்சா சரியாகும்.

மார்த்தாண்டம்_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி அண்ணேன்மாரே, பேட்டரி எடுத்துப் பாத்தேன், லேசா உப்பித்தான் இருக்கு, எடுத்து வெளிய வச்சுட்டேன். புதுசு வந்த பொறவுதான் மத்தது. ஆர்க்-4தான் போடப் போறேன்.

ரெண்டு கேள்வி. 6.60-லயே போடலாமா, 6.61-க்குப் போகணுமா? பொறவு எனக்க டிஸ்க எப்பிடி கார்டுல ஏத்துறது, அதுக்கு கம்ப்யூட்டர்ல யுஎம்டி டிரைவ் எதும் வேணுமா? இன்னொண்ணு, கிளாஸ்ல ஒருத்தன் இத வித்துட்டு ஆர்36எஸ் (பழைய கேம் எல்லாம் ஓடுற இன்னொரு கை மெஷின்) வாங்கச் சொல்லுறான், அதுல பிஎஸ்பி கேமும் ஓடுமாம்.

வடசேரி_சால்டரிங்:

6.61-க்குப் போ. 2015-ல சோனி விட்ட கடைசி ஃபர்ம்வேர் அது, அதுக்குப் பொறவு ஒண்ணும் வரல, இப்ப வர்ற டூல் எல்லாம் அத வச்சுத்தான் எழுதுறாங்க. அப்டேட் ஃபைல PSP ஃபோல்டர், அதுக்குள்ள GAME, அதுக்குள்ள UPDATE, அங்க போட்டு கேம் மெனுல இருந்து ஓட்டு. பொறவு ஆர்க்-ஓட ரெண்டு ஃபோல்டர், ஒண்ணு SAVEDATA-க்குள்ள போகும், லோடர் GAME-க்குள்ள போகும். லோடர அமுக்குனா திரை ஒரு தடவை போய் வரும், அவ்வளவுதான்.

எழும்புன உடனே முதல் வேலையா நேண்ட் பேக்கப் (உள் ஃபிளாஷோட முழு நகல்) எடு, அதுக்குன்னு வெளி ஆளுக எழுதுன சின்ன ஹோம்ப்ரூ புரோகிராம் இருக்கு. 3000-க்கு 64 எம்பிதான், கம்ப்யூட்டர்லயும் பென்டிரைவ்லயும் வச்சுக்க. வேற ஆளோட பிஎஸ்பி பேக்கப் உனக்கதுல ஆகாது, ஒவ்வொரு மெஷினுக்கும் உள்ள எழுதி இருக்க விவரம் தனி. ஆர்க்-லயும் நிரந்தரமா போடுற வழி உண்டு, ஆனா எந்த மாடலுக்கு எதுன்னு கூட வர்ற README-ய முழுசா வாசிக்காம அதத் தொடாத.

தக்கலை_ப்ரோ:

டிஸ்க் ஏத்துறது ரொம்ப எளுப்பம் மக்கா, பிஎஸ்பியே யுஎம்டி டிரைவ். மெயின் மெனுல செலக்ட் அமுக்குனா ஒரு சின்ன மெனு வரும், அதுல யுஎஸ்பி டிவைஸ்னு இருக்கத யுஎம்டிக்கு மாத்தி கம்ப்யூட்டர்ல குத்து, டிஸ்க் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலா (முழு டிஸ்கோட நகல்) தெரியும், காப்பி பண்ணு. யுஎம்டில அதிகபட்சம் 1.8 ஜிபிதான், அதனால ஃபேட்32-ல பிரச்சனை வராது. கார்டோட மேல ISO-ன்னு ஃபோல்டர் வச்சு அதுல போடு. கரகரன்னு சத்தம் போடுறத கடைசில வை, மத்த ரெண்டையும் முதல்ல எடு, லென்ஸ் எப்ப போகும்னு தெரியாது. கார்டுல இருந்து ஆடுனா டிஸ்க் சுத்துற மோட்டார் ஓடாது, பேட்டரியும் கொஞ்சம் நிக்கும்.

ஜிபிஏ-க்கு ஜிபிஎஸ்பி எமுலேட்டர் (வேற மெஷின் கேம இதுல ஓட்டுற புரோகிராம்) போடு. பிளேஸ்டேஷன் 1 கேம் சோனியோட சொந்த எமுலேட்டர்லயே ஓடும், ஃபைல பிபிபியா (பிஎஸ்பி புரோகிராம் ஃபைல் வகை) மாத்தணும்.

குலசேகரம்_ரெட்ரோ:

எனக்க கைல ஆர்36எஸ் இருக்கு, ஆர்க்ஓஎஸ்ங்கிற சிஸ்டம்தான் போட்டிருக்கேன் (இந்த ஆர்க்ஓஎஸ் வேற, மேல சொன்ன ஆர்க்-4 வேற, தேடும்போது கலந்துராத). ஜிபிஏ, சூப்பர் நின்டென்டோ, பிளேஸ்டேஷன் 1 எல்லாம் அருமையா ஓடுது, 3.5 இன்ச் 640x480 ஸ்க்ரீன் அந்தக் கேமுக்கு நல்லாவே பொருந்தும். ஆனா உள்ள இருக்கது ஆர்கே3326 சிப், பிஎஸ்பி கேம்ல லேசானது மட்டும்தான் ஓடும், கனமான த்ரீடி கேம் திணறும். பிஎஸ்பி கேம் பிஎஸ்பிலயே ஆடுற சுகம் அதுல வராது. விக்காத தம்பி.

மார்த்தாண்டம்_பையன்:

விக்க மாட்டேன் அண்ணா. பேட்டரி ஆர்டர் போட்டாச்சு. ஒண்ணு மட்டும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா ஐஎஸ்ஓ எல்லாம் மெனுல காணாமப் போகும்னு ஒரு வீடியோல சொன்னாங்களே, ஃபைல் அழிஞ்சிருமா?

வடசேரி_சால்டரிங்:

அழியாது. ஆர்க் எழும்பாத நேரத்துல சாதா ஃபர்ம்வேருக்கு ISO ஃபோல்டர்னா என்னன்னே தெரியாது, அதனால காட்டாது. லோடர ஒரு தடவை அமுக்கு, எல்லாம் திரும்ப வரும்.