ஜிஏ7 சட்டம் (ஃப்ரேம்), டிஏ10 இன்ஜின்: இந்த பி.எஸ்.ஏ.வை கஃபே ரேசர் ஆக்கலாமா?

வெம்ப்ளிவாசி:
வணக்கம். எங்கள் தெருவில் தனியாக இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் காலமானார். மகள் வந்து கராஜைக் காலி செய்தபோது தார்பாய்க்கு அடியில் ஒரு பி.எஸ்.ஏ., பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள். "ராக்கெட் கோல்ட் ஸ்டார் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார்" என்றார். வாங்கிவிட்டேன். விலையை இன்னும் மனைவிக்கே சொல்லவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

சிலிண்டருக்குக் கீழே, இடது பக்கம், டிஏ10 என்று தொடங்கும் எண். சட்டத்தில் ஜிஏ7. சிலிண்டர் ஹெட்டில் காந்தம் ஒட்டவில்லை, அலுமினியம்தான். டேங்க் ஃபைபர்கிளாஸ், கை வைத்தால் நார் நாராக வருகிறது. மட்கார்டே இல்லை. ஆனால் ஹேண்டில்பார் மட்டும் உயரமான சாதா ஹேண்டில்.

60களில் பைக் பையன்கள் கூடிய ஏஸ் கஃபே என் வீட்டுக்குப் பக்கம். க்ளிப்-ஆன் (ஃபோர்க் குழாயில் இறுக்கும் தாழ்ந்த ஹேண்டில்), ரியர்செட் (பின்னால் தள்ளி வைத்த கால்மிதி), ஒற்றை சீட் போட்டு ஒரு கஃபே ரேசராக அங்கே கொண்டு போய் நிறுத்த ஆசை. இது உண்மையில் என்ன வண்டி? செய்யலாமா?

மேக்னெட்டோ:
ராக்கெட் கோல்ட் ஸ்டார் இல்லை, மன்னிக்கவும். அது 1962, 63 இரண்டு வருடம்தான் வந்தது, மொத்தமே 1,500 சொச்சம். அதன் சட்டம் ஜிஏ10, இன்ஜின் டிஏ10ஆர். உங்கள் எண்ணில் அந்த 'ஆர்' இல்லை. அப்படியென்றால் இன்ஜினின் அடிப்பாகம் பி.எஸ்.ஏ.வின் சாதா 650 சிசி மாடலான கோல்டன் ஃப்ளாஷ். அதற்கு வந்தது இரும்பு ஹெட், ஆகவே அலுமினிய ஹெட்டை யாரோ அதே 650-ன் வேக மாடலான சூப்பர் ராக்கெட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஊரில் உலவும் ராக்கெட் கோல்ட் ஸ்டார்களில் பாதி இந்த ரகம்தான்.

செய்யலாமா என்றால், வேண்டாம். இரும்பு ஹெட் ஒன்று தேடுங்கள், பழுப்பு மஞ்சள் பெயின்ட் அடியுங்கள், நல்ல கோல்டன் ஃப்ளாஷாக நிற்கட்டும். கஃபே ரேசர் என்ற பெயரில் ஆளுக்கொரு வண்டியைக் கொத்துக்கறி போட்டால் அசல் வண்டி எங்கே மிஞ்சும்?

டன்னப்_தாத்தா:
வந்துவிட்டார் அருங்காட்சியகக் காவலர்! அண்ணா, கோல்டன் ஃப்ளாஷ் பாதிக்குப் பாதி சைட்கார் இழுத்த வண்டி. குடும்பஸ்தன் விற்றதைப் பையன் வாங்கி, ஹேண்டிலை இறக்கி, ஏஸ் கஃபே இருக்கும் நார்த் சர்க்குலர் ரோட்டில் மணிக்கு 100 மைலைத் தொடப் பார்ப்பான். கஃபே ரேசர் பிறந்ததே இப்படித்தான். அசல் என்று நீங்கள் சொல்வதைத்தான் அவர்கள் முதல் நாளே கழற்றி வீசினார்கள்.

ட்ரைட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். நார்ட்டன் கம்பெனி தன் பந்தய வண்டியான மேங்க்ஸின் இன்ஜினைத் தனியாக விற்காது. 500 சிசி கார் ரேஸ்காரர்கள் முழு வண்டியை வாங்கி இன்ஜினை மட்டும் உருவிக்கொண்டார்கள். அநாதையாக நின்ற ஃபெதர்பெட் என்ற நார்ட்டன் சட்டத்தில் ட்ரையம்ஃப் இன்ஜின் உட்கார்ந்தது. அந்தக் கலப்பு 1965-ல் பார்சிலோனா 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்தது. டேவ் டெகன்ஸ் கட்டிய வண்டி. அதை யாராவது பிரித்து நார்ட்டனாக்கு, ட்ரையம்ஃபாக்கு என்பார்களா?

திருவொற்றியூரான்:
இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சென்னைக்காரன். கஃபே ரேசர் என்றால் இங்கே முதலில் எடுப்பது கிரைண்டரைத்தான். என் பழைய புல்லட்டின் பின்சட்டத்தை ஒரு பட்டறையில் அறுத்து, வளைந்த குழாயை வெல்டு செய்து கொடுத்தார்கள். படத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆறே மாதத்தில் ஒரு வேகத்தடையில் வெல்டு விட்டது, நான் சீட்டோடு டயரில் உட்கார்ந்தேன். பேன்ட் போனதோடு தப்பித்தேன். தம்பி, என்ன வேண்டுமானாலும் செய், சட்டத்தில் ரம்பம் படக்கூடாது.

டன்னப்_தாத்தா:
இதில் முழுக்க உடன்படுகிறேன். 60களின் பையன்களிடம் வெல்டிங் எங்கே இருந்தது? எல்லாம் போல்ட்டு போட்டு மாட்டியதுதான். ராயல் என்ஃபீல்டு 1965-ல் விற்ற கான்டினென்டல் ஜிடி 250 கூட அப்படித்தான், கம்பெனியே க்ளிப்-ஆனும் ரியர்செட்டும் மாட்டிக் கொடுத்தது.

வெம்ப்ளிவாசி:
ஒரு சந்தேகம். சட்ட எண்ணும் இன்ஜின் எண்ணும் வேறு வேறாக இருக்கின்றனவே, அதுவே இது கலப்பு என்பதற்குச் சாட்சி இல்லையா?

மேக்னெட்டோ:
இல்லை. ஒரே எண்ணை இரண்டிலும் அடித்தது ட்ரையம்ஃப். பி.எஸ்.ஏ.வில் அந்தக் காலத்தில் இரண்டும் தனித்தனி வரிசை. எந்த இன்ஜின் எந்தச் சட்டத்தோடு ஸ்மால் ஹீத் ஆலையை விட்டுப் போனது என்பது அனுப்புகைப் பேரேட்டில்தான் இருக்கும். பி.எஸ்.ஏ. ஓனர்ஸ் கிளப்புக்கு இரண்டு எண்ணையும் படம் எடுத்து அனுப்புங்கள். பதில் வரும்வரை ஒரு நட்டைக்கூடத் தொடாதீர்கள்.

வெம்ப்ளிவாசி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். பதில் வந்துவிட்டது. சட்டம் 1960-ல் ஆலையை விட்டது, ஆனால் சிஏ7எஸ்எஸ் இன்ஜினோடு! 500 சிசி ஷூட்டிங் ஸ்டார்.

மேக்னெட்டோ:
ஆகா. 500 சிசி ஏ7, 650 சிசி ஏ10 இரண்டுக்கும் அதே சட்டம்தான், யோசித்திருக்க வேண்டும். சரி, அப்படியானால் ஒரு ஷூட்டிங் ஸ்டார் இன்ஜின் தேடலாம்...

டன்னப்_தாத்தா:
விட மாட்டீர்களே! சட்டம் ஒரு வண்டி, இன்ஜின் ஒரு வண்டி, ஹெட் மூன்றாவது வண்டி. இதில் எதை மீட்டெடுப்பது?

வெம்ப்ளிவாசி:
நட்டைத் தொடாதே என்றீர்கள், தொட்டுவிட்டேன். ஹெட்லைட்டைத் தாங்கும் தகர உறையைக் கழற்றினேன். உள்ளே இரண்டு ஃபோர்க் குழாயிலும் ஒரே உயரத்தில், சுற்றிவர, ஏதோ இறுக்கிப் பிடித்திருந்த தடம். குரோம் தேய்ந்து வளையம் போல் இருக்கிறது. இது என்ன?

டன்னப்_தாத்தா:
தம்பி, அது க்ளிப்-ஆன் இருந்த இடம்!

500-ஐ இறக்கி 650, அதன் மேல் சூப்பர் ராக்கெட் ஹெட், ஃபைபர்கிளாஸ் டேங்க், மட்கார்டு கிடையாது. உங்கள் பெரியவர் வெம்ப்ளியில் இளைஞராக இருந்திருந்தால் மாலை எங்கே போயிருப்பார்? நீங்கள் கஃபே ரேசர் ஆக்க வேண்டியதே இல்லை, இது எப்போதோ ஆகிவிட்டது. வயதாகி முதுகு பிடித்தபின் உயரமான ஹேண்டிலை மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

மேக்னெட்டோ:
பெரியவர் எங்கே போனார் என்பது ஊகம். தடம் ஊகமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப் பார்த்தால் என் கட்சிதான் ஜெயிக்கிறது. அவர் கட்டியதே அசல் என்றால் அதைத்தான் மீட்க வேண்டும். புது எல்இடி, பளபள அலுமினிய டேங்க், கட்டம் போட்ட தையல் சீட் எதுவும் கூடாது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் லூகாஸ் மேக்னெட்டோவைக் கழற்றி எலக்ட்ரானிக் இக்னிஷன் போடவும் கூடாது.

டன்னப்_தாத்தா:
மேக்னெட்டோ சூடானதும் நின்று போனால் வெம்ப்ளிவாசிதானே தள்ளுவார், நீங்களா?

மேக்னெட்டோ:
அதற்குக் காரணம் பெரும்பாலும் கண்டென்சர். காயிலை மறுபடி சுற்றி, புது கண்டென்சர் போட்டால் ஓடும். என்னுடையது ஓடுகிறது.

திருவொற்றியூரான்:
அந்த டேங்கில் மட்டும் சண்டை வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஃபைபர்கிளாஸின் பிசினைக் கரைத்து கார்புரேட்டருக்கு அனுப்பும். சுவரில் மாட்டி வை, ஓட்ட வேறு டேங்க் போடு.

வெம்ப்ளிவாசி:
முடிவு செய்துவிட்டேன். தடம் இருக்கும் அதே இடத்தில் க்ளிப்-ஆன். ரம்பம் இல்லை. மேக்னெட்டோ பழுதுபார்க்கப் போயிருக்கிறது. டேங்க் ஹாலில், மனைவிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

இப்போது இன்ஜினைப் பிரித்து கிராங்க் மேசையில். உள்ளே அழுக்கு சேரும் குழாயைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள், ஆனால் அதன் திருகுமூடி அசையவே மாட்டேன் என்கிறது. விளிம்பில் ஒரு குழி அடித்திருக்கிறது.

மேக்னெட்டோ:
அந்தக் குழிதான் பூட்டு. அதை மட்டும் ட்ரில்லால் மெல்ல எடுங்கள், சூடு காட்டுங்கள், பிறகு பெரிய திருப்புளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் திருப்புங்கள். உள்ளே தார் மாதிரி கெட்டியாக இருக்கும். அதை எடுக்காமல் புது பேரிங் போட்டால் எண்ணெய் போகாமல் போய்விடும். கிராங்கின் டைமிங் பக்க முனையைத் தாங்கும் புஷ்ஷையும் அளந்துவிடுங்கள். கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பிக்-எண்டுக்கு எண்ணெய் அது வழியாகத்தான் போகிறது, இந்த இன்ஜின்கள் பெரும்பாலும் சாவது அங்கேதான்.

பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர் இருக்கிறதா? மெட்ரிக்கை வைத்து நட்டு முனையை உருட்டிவிடாதீர்கள்.

வெம்ப்ளிவாசி:
பெரியவரின் மகள் நேற்று ஒரு பெட்டி கொண்டு வந்து கொடுத்தார். முழு செட்டும் எண்ணெய்த்துணியில் சுற்றி இருக்கிறது. அடியில் இரண்டு க்ளிப்-ஆன்.