புதுப்பிப்பு: மாட்டுக்கொட்டகைக் கழிவுநீருக்குச் செடிப் படுகை

மாதவரத்தில் மாமாவின் கொட்டகையைக் கழுவிவிடும் தண்ணீர் தெருக் கால்வாய்க்குப் போகிறது, செடிப் படுகை (ஜல்லி நிரப்பிச் செடி நட்ட பள்ளம்) வைத்துச் சுத்தம் செய்யலாமா என்று கோடையில் கேட்டிருந்தேன். படுகை போட்டாச்சு, மழைக்காலமும் பார்த்தாச்சு.

சாணியை முதலில் வாரிவிட வேண்டும். அப்புறமும் வரும் கசடு தங்க ஒரு தொட்டி கட்டாயம், இல்லையென்றால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். தெளிந்த நீர் மட்டும் ஜல்லிக்குள் போகிறது. நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்குக் கீழேயே நிற்பதால் கொசு முட்டையிட இடமில்லை. பக்கத்து வீட்டு அக்கா தினமும் கேட்டது இதைத்தான்.

சம்புக் கோரையும் கல்வாழையும் நட்டிருக்கிறோம். மூத்திரத்து அம்மோனியா கடுமையாக இருந்தால் இளஞ்செடி ஓரம் கருகுகிறது, கழுவுநீரில் நன்றாகக் கலந்துதான் விட வேண்டும். உண்மையில் பெரிய வேலை செய்வது வேரிலும் ஜல்லியிலும் வழவழவென்று படரும் பாக்டீரியாதான். காற்று கிடைக்கும் இடத்தில் அம்மோனியா நைட்ரேட் ஆகிறது, காற்றில்லாத இடத்தில் அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. பாஸ்பரஸ் அப்படிப் பறக்காது, ஜல்லியிலேயே சேரும். செடியை அவ்வப்போது அறுத்து எடுத்தால் கொஞ்சம் குறையும்.

மழைநீர் படுகைக்குள் புகாமல் இருக்க, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரைத் தண்ணீரைத் தனிக் குழாயில் திருப்பிவிட்டோம். சென்னையில் இதைச் செய்யாமல் படுகை போடவே வேண்டாம்.

வெளிவரும் நீரில் வாடை வெகுவாகக் குறைந்திருக்கிறது. கிருமி இருக்கும் என்பதால் தீவனப் புல்லுக்கு மட்டும், அதுவும் வேரில்தான் பாய்ச்சுகிறோம். கல்வாழைக் கிழங்கு நிறைய இருக்கிறது, வேண்டுபவர்கள் சொல்லுங்கள்.